ஏழு ஒன்றுகள்

மயிலாப்பூரில் நான் மருமகளாகப் புகுந்த வீட்டை நினைத்தால் முதலில் காதில் விழுவது மாமனாரின் வகுத்தல்தான். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சாயங்காலம் கபாலி கோயில் குளத்தைச் சுற்றிவிட்டு வந்து, கூடத்துச் சாய்வு நாற்காலியில் சிலேட்டும் கையுமாக உட்கார்ந்துவிடுவார். எதையும் உரக்கச் சொல்லித்தான் போடுவார். அப்போது ஏழு ஒன்றுகளை வரிசையாக எழுதினால் வரும் எண்மேல் அவருக்குப் பித்து. பதினொரு லட்சத்துப் பதினோராயிரத்து நூற்றுப் பதினொன்று! மூன்று ஒன்றுகள் முப்பத்தேழால் மீதியில்லாமல் வகுபடும். ஐந்து ஒன்றுகள் நாற்பத்தொன்றால் வகுபடும். "இந்த ஏழு மட்டும் யாருக்கும் மசியாதுடி" என்று மாமியாரிடம் பெருமையடிப்பார். அதை நிரூபிக்கத்தான் பகா எண்களை ஒவ்வொன்றாக எடுத்து வகுத்துக்கொண்டிருந்தார்.

இன்று என் மருமகள் என் வீட்டுக்காரரோடு அரசியல் பேசிச் சண்டை போடுகிறாள். அந்த நாளில் மாமனாரிடம் நேராகப் பேசுகிற வழக்கமே கிடையாது. எல்லாம் மாமியார் வழியாகத்தான். ஆனால் காதுக்கு யார் தடை போட முடியும்? தேங்காய் துருவிக்கொண்டே நானும் மனசுக்குள் கூடவே வகுப்பேன். ஒருநாள் இருநூற்று முப்பத்தொன்பதால் வகுக்கும் முறை வந்தது. நடுவில் ஒரு கழித்தல். ஆயிரத்து ஐந்நூற்று ஐம்பத்தொன்றில் ஆயிரத்து நானூற்று முப்பத்துநாலு போனால் நூற்றுப் பதினேழு. அவர் "நூத்தியேழு" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டார். எனக்குக் கடைசியில் மீதியே இல்லை, அவருக்கு இருந்தது. இத்தனை வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தவர் தப்புப் பண்ணுவாரா, நாம்தான் எங்கோ சறுக்கியிருப்போம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

கடைசியில் வகுத்துப் பார்க்க வேண்டிய எல்லா எண்களையும் முடித்துவிட்டார். மறுநாள் பழைய வாத்தியார்கள் கூடுகிற கூட்டத்தில் அதை அறிவிக்கப்போவதாகச் சொன்னதும் எனக்கு அந்த இருநூற்று முப்பத்தொன்பது ஞாபகம் வந்தது. நான் சாப்பிட்டேனா என்று மாமியாரிடம் கேட்காமல் படுக்கப் போகாத மனிதர் அவர். அவரைப் பார்த்து நாலு பேர் சிரிக்க விடுவதா? நான் சொல்வது தப்பாகிவிட்டால் அதிகப்பிரசங்கி என்ற பட்டம் காலத்துக்கும் நிற்கும். நிற்கட்டும் என்று துணிந்தேன்.

"அம்மா, இருநூத்து முப்பத்தொம்பதை இன்னொரு தரம் போட்டுப் பாக்கச் சொல்லுங்கோ."

மாமியார் கூடத்துக்குப் போய் அப்படியே ஒப்பித்தார்.

"யாரு சொல்றா?"

"உங்க மாட்டுப்பொண்தான். நானா சொல்லப்போறேன்?"

சிலேட்டில் பலப்பம் கிறீச்சிட்டது. கதவிடுக்கில் பார்த்தேன், முகம் வாடிப்போயிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. திடீரென்று தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"நாலாயிரத்து அறுநூத்து நாப்பத்தொம்பது தரம் போறதுடி! நன்னா மாட்டிண்டிருப்பேன் நாளைக்கு! அவளை இங்கே வரச் சொல்லு."

வாசற்படி ஓரமாய்ப் போய் நின்றேன். அவர் மாமியாரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"பதினோரு ஒண்ணு போட்டா மசியுமோ? நீ என்ன நெனைக்கறே?"

என்னிடம் அவர் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். வழக்கம்போல் மாமியார் பக்கம் திரும்பினேன். அவரோ என் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டார்.

"என்னைப் பாக்காதே. ரசத்தை நான் பாத்துக்கறேன், நீயே பதில் சொல்லு."