ஊறிய கயிறும் ஒரு முழ நூலும்

காலை ஆறே முக்காலுக்கு மீஞ்சூரில் மின்சார ரயில் ஏறினேன். கையில் கூடை, மனதில் சந்தேகம். போன ஞாயிறு என் மனைவியின் சபையில் ஸ்டெல்லா என்ற பெண் சாட்சி சொன்னாளாம். பழவேற்காட்டில் விற்பனைக்கு வரும் நண்டுகளின் கொடுக்குகளைக் கட்டுவதுதான் அவள் கர்த்தருக்குச் செய்யும் ஊழியமாம், ஒவ்வொரு நண்டுக்கும் ஒரு ஜெபமாம். நானும் ஞானஸ்நானம் பெற்றவன்தான். ஆனால் வியாபாரத்தில் கர்த்தரை இழுப்பவர்களைக் கண்டால் முதலில் தராசைத்தான் பார்ப்பேன். "நேர்ல போய்ப் பாருங்க. அப்படியே ரெண்டு கிலோ வாங்கிட்டு வாங்க" என்றாள் மனைவி.

பொன்னேரியிலிருந்து பேருந்து. பழவேற்காடு பதினெட்டு கிலோமீட்டர் சொச்சம். பக்கத்தில் வலை விற்பவர் ஒருவர்.

"நண்டா? கயிறப் பாத்து வாங்கு சார். தடிக் கயிறா தண்ணில ஊறப்போட்டுக் கட்டுவானுங்க. நண்டு வெலைல கயித்தயும் வாங்கினு போவே."

எட்டரைக்கு, விசாரித்துக்கொண்டு, ஸ்டெல்லா வேலை செய்யும் ஏரிக்கரை நண்டு ஷெட்டை அடைந்தேன். சேற்று நண்டின் முதுகைக் காலால் அழுத்தி, கொடுக்குகளை மடக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள் ஸ்டெல்லா. நாற்பது வயதிருக்கும். உதடுகள் அசைந்தன. அவள் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு வாளி, அதில் தடிக் கயிறு ஊறிக்கொண்டிருந்தது. அகப்பட்டாள் என்று நினைத்தேன்.

"இது எதுக்கும்மா?"

"மொதலாளி ஊறப்போட்டது அண்ணே. நான் நூல்லதான் கட்றேன்." விரல்களைக் காட்டினாள். மெல்லிய நைலான் நூல் அறுத்த கோடுகள்.

அதற்குள் முதலாளி வந்துவிட்டார். "இன்னா ஸ்டெல்லா, இன்னிக்கும் நூலா? மத்த ஷெட்ல எல்லாம் இன்னா நடக்குதுனு தெரியாதா? சாயங்காலத்துக்குள்ள கயித்துக்கு மாறு. இல்லனா நாளைக்கு வராத."

"எட போட்டப்புறம் நீங்க சொல்ற கயித்தயே கட்றேன் மொதலாளி."

அவர் என்னைப் பார்த்துவிட்டு முறைத்துக்கொண்டே போனார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. வாங்க வந்தவன் எதிரில் நடத்தும் நாடகமாகவும் இருக்கலாமே. இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு கிளம்புவதுபோல் கிளம்பினேன்.

பன்னிரண்டு மணிக்கு ஷெட்டின் பின்பக்கமாக வந்து, ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் திருடன்போல் குனிந்து நின்றேன். அவள் தனியாக இருந்தாள். வாங்க ஆளில்லை. அப்போதும் நூல்தான், அப்போதும் உதடுகள் அசைந்தன. ஏதோ வேதாகமச் சங்கீதமாக இருக்கும் என்று காதைத் தீட்டினேன்.

"ஏசப்பா, இந்தக் கை அந்த வாளிக்குப் போவாம பாத்துக்கோ."

அடுத்த நண்டு. மறுபடியும் அதே வார்த்தைகள். எனக்கு வெட்கமாக இருந்தது. கூடையைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே நழுவினேன்.

கரையோரம் சுற்றிவிட்டு மாலை ஐந்து மணிப் பேருந்தில் ஏறினால், ஸ்டெல்லா ஜன்னலோரம் இருந்தாள்.

"நாளைக்கு வர வேணாம்னுட்டாரு அண்ணே."

"இனி எங்கம்மா போவே?"

"பக்கத்து ஷெட்ல கேக்கணும்." விரலில் நூல் அறுத்த கோடுகளைத் தடவினாள். "அங்கயும் வாளி இருக்கும்."

பொன்னேரிக்கு முன்பே ஒரு நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டாள்.

மீஞ்சூரில் எங்கள் அடுப்படியில் மனைவி நண்டுக் கட்டுகளை அறுத்துப் போட்டாள். "இப்பவாவது நம்புறீங்களா?" என்றாள். அந்த நூல்களைப் பொறுக்கி, சமையலறைத் தராசில் வைத்தேன். குனிந்து பார்த்தேன். முள் அசையவில்லை.