புளி தொடாத மழைமானி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் சில ஆண்டுகள் தொண்டைமானாற்றில் எங்கள் வளவில் ஒரு மழைமானி நின்றது. செம்பினாலான அந்த உருளையை அரசாங்கக் கச்சேரியார் என்னிடம் ஒப்படைத்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போகுமுன் அதனுள் இருந்த போத்திலில் சேர்ந்த நீரை அளந்து கொப்பியில் எழுதுவது என் வேலை. காய்ச்சலில் கிடந்த நாளிலும் எழுதாமல் விட்டதில்லை.

ஓர் ஐப்பசியில் மேற்பார்வைக்கு வந்த உத்தியோகத்தர் மழைமானிப் புனலின் கழுத்துக்குள் விரலை விட்டார். விரல் பச்சையாக வந்தது.

"சட்டம்பியார், உது களிம்பு. தூறல் விழுந்தால் உதிலையே ஒட்டிக்கொண்டு நிண்டிடும். பிறகு போத்திலுக்குள்ளை என்ன வரும்? தையிலை திரும்ப வாறன். அப்பவும் உப்பிடிக் கிடந்தால் உதைப் பருத்தித்துறைக்குக் கொண்டு போயிடுவன்."

என் வீட்டிலேயே இருந்த அக்காவுக்கு இது அடுப்படியில் கேட்டது. வெள்ளிதோறும் வீட்டுச் செம்புகளோடு மழைமானியையும் புளியும் உப்பும் போட்டு விளக்குகிறவள் அவள்தான்.

"நான் விளக்கேல்லையாமோ? இனி நாள்தோறும் விளக்கிறன், பார்."

விளக்கினாள். வாடைக்காற்று தொடங்கி எங்கும் ஈரமாயிற்று. பச்சை முன்னிலும் விரைவாக ஏறியது.

பழைய கொப்பிகளைப் புரட்டினேன். மழை மாதங்களில் அங்கங்கே "களிம்பு" என்று குறித்திருந்தேன். சோழகக் காற்று வறண்டு வீசும் ஆடி, ஆவணியில் களிம்பு என்ற சொல்லை நான் எழுதியிருக்கவேயில்லை. அதே புளி, அதே கை. மாறியது காற்றின் ஈரம்தான். மழைக்காலத்தில் அடுக்களை உப்புச் சட்டியே நீர்விடுகிறது. செம்பின் மடிப்புகளில் தங்கும் உப்பும் அப்படித்தான் ஈரத்தை இழுக்கிறதோ?

ஓட்டைச் செப்புக்குடம் ஒன்றை வெட்டி இரண்டு தகடுகள் எடுத்தேன். இரண்டையும் ஒரே நாளில் விளக்கி, நன்றாக அலசித் துடைத்துத் தாழ்வாரத்தில் தொங்கவிட்டேன். இடப்பக்கத்தது அக்காவினுடையது, விரும்பியபடி விளக்கலாம். வலப்பக்கத்ததை யாரும் தொடக்கூடாது.

"உன்ரை தகடு கரிச்சட்டி மாதிரி வரும், தம்பி. அப்ப பேசாமல் இருக்கவேணும்."

கார்த்திகை முழுக்க இரண்டையும் பார்த்தெழுதினேன். என்னுடையது மங்கி, பனங்கட்டி நிறத்துக்கு வந்து அங்கேயே நின்றது. அக்காவினுடையது விளக்கிய காலையில் பளபளக்கும். இரண்டு ஈர நாட்களில் விளிம்பெல்லாம் பச்சை. மார்கழி முதல் வெள்ளியன்று அவளே இரண்டையும் தேய்த்துப் பார்த்தாள். ஒரு விரலில் பச்சை. மற்றதில் ஒன்றுமில்லை.

"இப்ப என்ன செய்யச் சொல்லுறாய்?"

"மழைமானியை ஒருக்கா நல்லா அலசித் துடைச்சு விடு. பிறகு தை வரைக்கும் தொடாதையணை."

சொல்வது எனக்கு எளிது. மழைமானி ஒழுங்கையில் போகிறவர் கண்ணில் படும் இடத்தில் நின்றது. கறுத்த செம்புக்கு வீட்டுக்காரியைத்தான் குறை சொல்வார்கள். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"என்ன மச்சாள், புளி முடிஞ்சுபோச்சோ? எங்களிட்டைக் கிடக்கு, தரட்டோ?"

"புளி கிடக்கு. கைதான் கட்டிக் கிடக்கு," என்றாள் அக்கா. தை வரை அவள் அதைத் தொடவில்லை.

தையில் உத்தியோகத்தர் புனலைக் கண்டதும் முகம் சுளித்தார். "முந்தினதிலும் மோசமாக் கிடக்கு."

"விரலை விட்டுப் பாருங்கோ."

விட்டார். எடுத்த விரலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். தகடுகளையும் கொப்பியையும் காட்டினேன்.

"அப்ப புளியாலைதான் எண்டுறியளோ?"

"புளியும் உப்பும் தங்கி, ஈரமும் பட்டால்."

அடுப்படி வாசலிலிருந்து அக்கா சொன்னாள்: "ஓம் ஐயா. விளக்கினவள் நான்தான் சொல்லுறன்."

மழைமானி எங்கள் வளவிலேயே நின்றது. அவர் போனபின் பழைய கொப்பிகளை எடுத்து, பச்சை கண்ட நாட்களின் தூறல் அளவுகளுக்கு எதிரே, "களிம்பு இருந்தது, அளவு குறைந்திருக்கலாம்" என்று எழுதத் தொடங்கினேன். பிந்தி வருகிறவர்கள் அந்த எண்களை நம்பிவிடக்கூடாது.

அக்கா தோளுக்கு மேலால் எட்டி வாசித்தாள்.

"விளக்கினது அக்கா எண்டும் எழுதன்," என்றாள்.

எழுதவில்லை. அவளுடைய தகட்டை மட்டும் அந்தக் கொப்பிக்குள் வைத்துக் கட்டினேன்.