கர்ப்பிணிகளுக்கான பொடியும் பக்கத்து வீட்டு முட்டையும்

அந்தக் காலத்துப் புரோட்டீன் பொடி டப்பாவின் மேல், குழந்தையை மடியில் வைத்திருக்கும் ஒரு பெண்ணின் படம் இருக்கும். புஜத்தை முறுக்கிக் காட்டும் ஆண் அந்த இடத்துக்கு வந்தது பிற்பாடு. தொண்ணூறுகளின் கடைசியில் மண்ணூர்பேட்டைப் பக்கம் ஜிம்கள் முளைத்தபோது, வாளி அளவு டப்பாக்களைக் கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்தேன். எல்லா டப்பாவிலும் ஆண்கள். இவர்கள் கொஞ்சம் முன்னாலேயே வந்து தொலைத்திருந்தால் நான் இரண்டு மாதம் இல்லாத கர்ப்பத்தைச் சுமந்திருக்க வேண்டாமே என்று நினைத்துக்கொண்டேன்.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் ஆவடியில், ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தோம். கல்யாணமாகி நான்கு வருடம். என் கணவருக்கு மெஷின் ஷாப்பில் வேலை. சாயங்காலம் சங்கு ஊதியதும் வீட்டுக்கு வராமல் நேராக கிளப்புக்குப் போய்விடுவார். கிளப் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தகரக் கூரை போட்ட ஒரு கூடம், ஒரு இரும்புத் தண்டு, துருவேறிய தட்டுகள், சுவரில் ஒரு அனுமார் படம். அங்கே பளு தூக்குவார். பட்டாளத்துக்கு டாங்கி செய்கிற இடத்தில் வேலை பார்த்துவிட்டு, போதாக்குறைக்கு மறுபடியும் இரும்பையே தூக்குகிறாரே என்று நான் கேலி செய்வேன். சிரித்துக்கொள்வார்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. கடைசி வரை பிறக்கவும் இல்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் முடிவு வரை அதற்காகவே காத்திருப்பீர்கள். இது அந்தக் கதை இல்லை.

ஃபேக்டரிகளுக்கு இடையில் நடக்கும் போட்டி அந்த வருடம் ஆவடியிலேயே நடப்பதாக இருந்தது. இவருக்கு ஒரு எடையில் ஆறு மாதமாகத் தடங்கல். மார்பு வரை வரும், தலைக்கு மேல் போகாது. வடக்கே போய்ப் போட்டியிட்டு வந்த கிளப் நண்பர் ஒருவர், "உடம்புக்கு புரோட்டீன் போதலை" என்று காதில் போட்டுவிட்டார். இவர் மருந்துக்கடைக்குப் போனார். கடைக்காரர் டப்பாவைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே, "வீட்ல எத்தனாவது மாசம் சார்?" என்று கேட்டிருக்கிறார். இவர் வெட்கப்பட்டுக்கொண்டு "மூணு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். பொய் எங்கே ஆரம்பித்தது என்று யாராவது கேட்டால் அங்கேதான். என் வாயில் இல்லை.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், நோயிலிருந்து தேறி வருபவர்கள், தினம் ஒரு ஸ்பூன் என்று டப்பாவில் போட்டிருந்தது. இவரும் தினம் ஒரு ஸ்பூன்தான் குடித்தார். அவ்வளவு பெரிய உடம்புக்கு ஒரே ஒரு ஸ்பூன்! சுடுபாலில் போட்டால் கட்டி கட்டியாக மிதக்கும். நான் இரண்டு டம்ளரில் மாற்றி மாற்றி ஆற்றுவேன். பருப்பு வேகவைத்த தண்ணீரில் மாத்திரையைக் கரைத்த மாதிரி ஒரு வாடை. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்துவிட்டு, அப்போதே தோள் புடைத்துவிட்டதா என்று கண்ணாடியில் பார்ப்பார்.

"இதுக்கு நாலு முட்டை தின்னா ஆகாதா?" என்று கேட்டேன்.

"முட்டையில பாதி தண்ணி. இது சுத்தமான சத்து" என்றார், டாக்டர் மாதிரி. பிறகு குரலைத் தாழ்த்தி, "யாருக்கும் சொல்லிடாதே. பொம்பளைங்க பொடியைக் குடிச்சுத் தூக்குறான்னு கிளப்ல மானத்தை வாங்கிடுவானுங்க" என்றார். டப்பாவில் இருந்த பெண்ணைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்.

பக்கத்து வீட்டில் ஒரு அக்கா இருந்தார். பூந்தமல்லிக்காரர். அவர் வீட்டுக்காரரும் அதே ஃபேக்டரி. மூன்று பிள்ளைகள், மூவரும் பள்ளிக்கூடம் போகிறவர்கள். குவார்ட்டர்ஸில் கோழி வளர்க்கக் கூடாது என்று விதி. அக்கா ஏழெட்டுக் கோழி வளர்த்தார். கேட்க வந்த ஆபீஸ்காரரையும் முட்டை கொடுத்து அனுப்பிவிட்டார். என் அம்மா வீடு தஞ்சாவூர்ப் பக்கம். ஜுரம் வந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்க்க எனக்கு இந்த ஊரில் இருந்த ஒரே கை அக்காவுடையதுதான்.

ஒரு நாள் காலை சர்க்கரை கேட்டு வந்தவர், உரிமையாக அலமாரியில் தானே எடுக்கப் போய், டப்பாவைத் திருப்பிவிட்டார். படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சர்க்கரையை மறந்துவிட்டார்.

"இன்னாம்மே இது? எத்தினி நாளா? எங்கைல ஒரு வார்த்த சொல்லல பாரு நீ!"

"அது அவருக்கு" என்று சொல்ல வாயைத் திறந்தேன். மானம் போய்விடும் என்று அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டேன். அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். அக்கா என் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு கண் கலங்கி நின்றார். நான்கு வருடமாக "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்ட முகங்களையே பார்த்துவந்த எனக்கு, அந்த முகத்தைக் கலைக்க மனம் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து கொல்லைப்புறத்துக் குட்டைச் சுவருக்கு மேலே கிண்ணங்கள் வரத் தொடங்கின. வேகவைத்த நாட்டுக்கோழி முட்டை, முட்டை உடைத்துவிட்டுக் கிளறிய முருங்கைக்கீரை, ஆட்டுக்கால் சூப், நல்லெண்ணெய் மிதக்கும் உளுந்தங்களி, கறுப்புக் கொண்டைக்கடலைச் சுண்டல். ஞாயிற்றுக்கிழமை ஆட்டு மண்ணீரலைச் சுட்டு, மிளகு தூவிக் கொண்டுவருவார். "ரத்தம் ஊறும், சூட்டோட துன்னு" என்பார். வீட்டில் வேலை இருக்கிறது என்று சொல்லிக் கிண்ணத்தோடு உள்ளே வந்துவிடுவேன்.

நான் அதில் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. இல்லாத பிள்ளைக்கு வந்ததை நான் தின்றால் அது திருட்டு என்று தோன்றியது. இவர் தின்றால்? அதை மட்டும் பயிற்சி என்று வைத்துக்கொண்டேன். என் நியாயம் அவ்வளவுதான். சாயங்காலம் எல்லாம் இவர் தட்டுக்குப் போகும். நான் கடைசியில் ரசத்தைப் பிசைந்து சாப்பிட்டு எழுந்துவிடுவேன், எப்போதும் போல.

"உன் கைக்கு திடீர்னு என்ன ஆச்சு? பிரமாதமா சமைக்கிற" என்றார் ஒரு நாள். மனைவியின் சமையல் ஒரே வாரத்தில் தஞ்சாவூரிலிருந்து பூந்தமல்லிக்குப் போய்விட்டதே என்று ஒரு மனிதருக்குச் சந்தேகம் வர வேண்டாமா? வரவில்லை. விரலை நக்கிக்கொண்டே இன்னும் கொஞ்சம் கேட்டார்.

பொய்யைக் காப்பாற்றுவது லேசான வேலை இல்லை. மாதவிலக்குத் துணிகளைக் கொல்லையில் காயப்போட முடியாமல் உள்ளறையில் கொடி கட்டி உலர்த்தினேன். ஒவ்வொரு காலையும், இன்று சொல்லிவிட வேண்டும் என்று எழுந்திருப்பேன். சொன்னால் அக்கா முகத்தில் முழிக்க முடியாது. அவரும் இல்லாமல் இந்த ஊரில் எப்படி இருப்பது? இப்படியே ஒரு மாதம் ஓடிய பிறகு, ஒரு நாள் அக்கா மாங்காட்டு அம்மன் கோவிலிலிருந்து எலுமிச்சம்பழம் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "ஆறு வாரம் வரேன்னு அம்மனாண்ட வேண்டிகினுகீறேன். உனக்கு நல்லபடியா ஆவணும்" என்றார். வாரா வாரம் பூந்தமல்லியில் பஸ் மாறி, கூட்டத்தில் நசுங்கிப் போய் வந்தார். பழத்தை வாங்கிக்கொண்டு, நிமிர்ந்து பார்க்காமல் உள்ளே போய்விடுவேன். மசக்கை என்று நினைத்துக்கொள்வார்.

நான்காவது வாரம் போட்டி வந்தது. இத்தனை மாதமாகத் தகராறு செய்த அந்த எடை, அன்று இவர் தலைக்கு மேல் போய் நின்றது. மூன்றாவது பரிசு. ஒரு சின்ன வெண்கலக் கோப்பை. வீட்டுக்கு வந்தவர் கோப்பையை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்து, டப்பாவைத் தட்டிக்கொடுத்தார்.

"எல்லாம் இதோட வேலை. நாளைக்கே இன்னொண்ணு வாங்கணும்."

எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. "ஒரு ஸ்பூன் பொடியா தூக்குச்சு? பக்கத்து வீட்டுக் கோழி தூக்குச்சு. ஆட்டுக்கால் தூக்குச்சு. ரெண்டு மாசமா நீங்க தின்னது எல்லாம் அக்கா எனக்குக் கொடுத்தது. வயித்துல பிள்ளைன்னு நினைச்சுக் கொடுத்தது" என்று கொட்டிவிட்டேன்.

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தன் கைகளைப் பார்த்தார். "பிள்ளத்தாச்சிச் சோத்தையா நான் தின்னேன்? ஏன் சொல்லலை?" என்றார்.

"நீங்கதானே சொல்லாதேன்னீங்க" என்றேன். பிறகு அழுகை வந்துவிட்டது. "அவங்க என்னைப் பார்த்த பார்வை நல்லா இருந்துச்சுங்க. இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு நாள்னு விட்டுட்டேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. தானும் கூட வந்து சொல்வதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன்.

மறுநாள் மதியம் போனேன். அக்கா கொல்லையில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். "அக்கா, எனக்குப் பிள்ளை இல்லக்கா."

மீனைச் சட்டியில் போட்டுவிட்டுப் பதறி எழுந்தார். ஈரக்கையோடு என் தோளைப் பிடித்தார். "கலஞ்சி பூட்ச்சா கண்ணு? எப்போ? ஏன் நின்னுகினுகீற, உக்காரு."

அந்த ஒரு நிமிடத்தை நான் இன்னும் மறக்கவில்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அக்காவும் என்னோடு இருப்பார், நான் இன்னும் கொஞ்ச நாள் தாங்கப்படுவேன். வாய் வரை வந்துவிட்டது. ஆனால் எனக்காக நான்கு வாரம் பஸ்ஸில் நசுங்கியவரிடம் ஒரு சாவையும் சேர்த்துச் சொல்ல முடியவில்லை.

"இல்லக்கா. முதல்லேருந்தே இல்ல. அந்த டப்பா அவரோடது. வெயிட் தூக்குறதுக்கு வாங்கினாரு. நீங்க கேட்டப்ப நான் சொல்லாம விட்டுட்டேன்."

என் தோளிலிருந்து கை இறங்கியது. அக்கா மறுபடி மீன் சட்டியருகே உட்கார்ந்தார். ஒரு கோழி செதிலைக் கொத்த வந்தது, விரட்டினார். என்னைப் பார்க்கவில்லை.

"அப்போ நான் குட்த்ததெல்லாம்?"

"அவர்தான் சாப்பிட்டார்க்கா."

"நீ?"

கீழே கிடந்த செதிலைப் பார்த்தேன்.

"கேக்கறேன்ல? நீ ஒரு வாயாவது துன்னியா?"

இல்லை என்று தலையாட்டினேன். அப்போதுதான் அக்காவுக்குக் கோபம் வந்தது. அதுவரை நான் பார்த்திராத கோபம்.

"அடிப்பாவி! நான் இன்னா, உள்ள கீற புள்ளைக்கா ஆக்கிகினு வந்தேன்? அத்த நான் கண்ணால பாத்தனா? உன்னியதாண்டி பாத்தேன். இந்த ஊட்டுக்கு வந்த நாளா எலும்பும் தோலுமா கீற. சும்மா குட்த்தா வாங்க மாட்டன்ற, வேணாங்க்கா வேணாங்க்கான்ற. புள்ளய சொல்லியாவது துன்ன வெக்கலாம்னு பாத்தா, அத்தயும் தூக்கி அந்த பயில்வானுக்கு குட்த்துட்டியா?"

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அக்கா கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொள்வார் என்று நினைத்தேன். ஒரு தட்டில் சோறும், ஆம்லெட்டும், முதல் நாள் வைத்த மீன் குழம்பும் கொண்டுவந்து தரையில் வைத்தார். பலகையை இழுத்துப் போட்டு எனக்கு நேர் எதிரே உட்கார்ந்தார்.

"இங்கயே துன்னு. ஊட்டுக்கு எடுத்துகினு போவ வாணாம்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டே சாப்பிட்டேன். தட்டு காலியாக ஆக அவரே சோறு போட்டார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கல்யாணமாகி வந்த நான்கு வருடத்தில், நான் சாப்பிட்டு முடிக்கும் வரை எதிரில் ஒருவர் உட்கார்ந்து பார்த்தது அன்றுதான் முதல் தடவை.