அம்மா சேலையும் ஆட்டு மூக்கும்

போன வாரம் எங்கள் பள்ளிக்கூட ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஓர் அறிவிப்பை அனுப்பியிருந்தார்கள். 'உணர்வு நரம்பியல், விலங்கு நடத்தை: ஆராய்ச்சி வாய்ப்புகள்.' நம் ஆட்கள் வழக்கம்போலப் படிக்காமலே கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு அடுத்த குட் மார்னிங்குக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் அதை நாலு தடவை படித்தேன். அதற்குள் டீ ஆறி ஆடை படிந்துவிட்டது.

மறுநாள் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அந்த அறிவிப்பை அச்செடுத்துக்கொண்டு வந்து நின்றாள். வகுப்பில் அதிகம் பேசாத, ஆனால் கேட்டால் விடாமல் கேட்கிற பிள்ளை. "மிஸ், நீங்க முந்தி இந்த வேலதான் பாத்தீங்களாம். இதுக்கு என்னல்லாம் வேணும் மிஸ்?" என்றாள்.

"மூக்கு வேணும்" என்றேன்.

அவள் சிரித்தாள். நான் சிரிக்காததைப் பார்த்துவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டாள், பாவம். வீட்டில் பழைய சான்றிதழ் ஃபைல் இருக்கிறது, திங்கட்கிழமை கொண்டுவருகிறேன், உட்கார்ந்து பேசலாம் என்று சமாளித்து அனுப்பினேன்.

அந்த ஃபைலைத் தேடித்தான் பீரோவின் அடித்தட்டைக் குடைந்தேன். ஃபைல் கிடைத்தது. அதற்கு அடியில் அம்மாவின் சேலை ஒன்றும் கிடைத்தது. ஊதாப்பூப் போட்ட, 'வாயில்' என்று சொல்கிற மெல்லிய பருத்திச் சேலை, பழையது. ஒரு தலைப்பிலிருந்து சதுரம் சதுரமாகக் கத்தரித்து எடுத்ததுபோக மீதிப் பாதி. அம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது. நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி, சொல்லிவிடுகிறேன். தரையில் உட்கார்ந்து அதை மூக்கில் வைத்து இழுத்துப் பார்த்தேன். ஒரு வாசமும் இல்லை.

அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தாள். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை நாங்கள் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். சின்ன வயதில் 'எங்கம்மா ஆபீஸுக்குப் போறாங்க' என்று நான் பீற்றிக்கொண்டதைக் கேட்டு, மதுரையிலிருந்து வந்த ஓர் உறவுக்காரர் தாலுகா ஆபீஸா, கலெக்டர் ஆபீஸா என்று விசாரித்தார். அம்மாவுக்குப் பெட்டி அடைக்கிற வேலை. மருந்து வைத்துக் காய்ந்த குச்சிகளை இரண்டு கையாலும் அள்ளிப் பெட்டியில் அடைக்க வேண்டும். லீவு நாளில் நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். வீட்டிலும் சுவரோரம் பெட்டிக் கட்டுகள் அடுக்கியிருக்கும். அதில் சாய்ந்துகொண்டுதான் நான் எம்.எஸ்சி. விலங்கியல் வரைக்கும் படித்தேன். படித்து முடித்ததும் எங்கள் தெருவில் எல்லோரும் கேட்ட ஒரே கேள்வி, "அப்ப மாட்டாஸ்பத்திரில வேல கெடைக்குமா?"

கிடைத்தது வேறு. பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையம். அங்கேயிருந்த மேடம் ஒருவர் தாய் ஆடு தன் குட்டியை எப்படி அடையாளம் கண்டுகொள்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். மந்தையில் ஒரே நாளில் பத்துக் குட்டி பிறந்தாலும் தன் குட்டிக்கு மட்டும்தான் ஆடு மடி கொடுக்கும். முகர்ந்துதான் கண்டுபிடிக்கிறது. அந்த வாசம் மூளைக்குள் எவ்வளவு நேரத்தில் பதிகிறது என்பது மேடத்தின் கேள்வி. கரிசல் காட்டில் ஆடு அடைக்கிற ஒரு கிடையில் இருந்துகொண்டு குறிப்பெடுக்க இந்த ஊர்ப் பேச்சு தெரிந்த ஆள் வேண்டும். நேர்முகத்தில் "மூக்கு நல்லா வேலை செய்யுமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். தெருமுனையில் நின்றே எந்த வீட்டில் என்ன குழம்பு என்று சொல்லிவிடுவேன் என்றேன். பொய் இல்லை, உண்மையாகவே சொல்லுவேன். அந்தத் திமிரை இப்போது நினைத்தால் பிடறியில் ஒன்று போடலாம் போலிருக்கிறது.

மேடம் சொன்னது ஒன்றுதான். "ஒரே ஒரு ஈத்துப் பருவம். குறிப்பெல்லாம் சுத்தமா எடுத்துக் குடு. பிஎச்.டி. இடம் உனக்குத்தான்." அதைக் கேட்டுவிட்டு வந்து அம்மாவிடம் சொன்னபோது அவள் அடைத்துக்கொண்டிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப ஒம்பேருக்கு முன்னால டாக்டர்னு போடுவாவளாட்டி?" என்று கேட்டாள். ஊசி போடாத டாக்டர் என்று விளக்கினேன். "எந்த டாக்டரா இருந்தா என்ன?" என்றாள்.

கழுகுமலை பஸ்ஸில் ஏறிப் பாதி வழியில் இறங்கினால் பேச்சியக்காவின் கிடை. பேச்சியக்காவுக்கு அப்போது முப்பத்தைந்து இருக்கலாம். வீட்டுக்காரர் மந்தையை ஓட்டிக்கொண்டு மேய்ச்சலுக்குப் போய்விடுவார். ஈனுகிற ஆடுகளோடு அக்கா கிடையில் இருப்பாள். முதல் நாளே என் செருப்பைப் பார்த்து, "இத மாட்டிக்கிட்டா வருதீய? மழ பேஞ்சா கரிசல் ஒத்தச் செருப்பத்தான் திருப்பிக் குடுக்கும்" என்றாள். மழை பெய்யவில்லை. வெடித்துக் கிடந்த நிலம் செருப்பை விட்டுவிட்டு என்னுடைய ஸ்டாப்வாட்சை வாங்கிக்கொண்டது. வெடிப்புக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினேன். உள்ளே அது ஓடிக்கொண்டிருந்திருக்கும். அப்புறம் பேச்சியக்காவின் செல்போனில்தான் நேரம் பார்த்தோம்.

என் வேலை இதுதான். குட்டி விழுந்து கொஞ்ச நேரத்தில் அதைத் துணியில் சுற்றித் தூக்கி, தராசில் தொங்கவிட்டு எடை பார்த்து, தாயிடம் திருப்பி விட வேண்டும். தாய் முகர்ந்து, நக்கி, மடி கொடுக்க எத்தனை நிமிஷம் ஆகிறது என்று எழுத வேண்டும். அதற்காக மேடம் புதுத் துணிகள் வெட்டிக் கொடுத்திருந்தார். சோப்பு போடாமல் வெந்நீரில் மட்டும் அலசி, வெயிலில் காயப்போட்டு, பைக்குள் மூடி வைக்க வேண்டும் என்று கட்டளை.

முதல் தடவை அலசி வீட்டுக் கொடியில் போட்டிருந்தேன். அம்மா வந்து தொட்டுப் பார்த்தாள். மொடமொடவென்று இருந்தது.

"ஏட்டி, இத எதுக்கு வச்சிருக்க?"

"ஆட்டுக்குட்டியச் சுத்தித் தூக்கம்மா."

"கூறு கெட்டவளே, பெறந்த உசுர கோடித் துணியிலயா தூக்குவாவ? கோடி செத்தவியளுக்குல்லா போடுறது!"

எங்கள் பக்கம் பிறந்த பிள்ளையைக் கோடியில், அதாவது புதுத் துணியில், தொடமாட்டார்கள்; பழைய சேலையில்தான் ஏந்துவார்கள். மெத்தென்று இருக்கும், பிள்ளை உடம்பில் உரசாது. என்னை ஏந்தியதும் அப்படித்தான். நரம்பியல் கட்டுரைகளாகப் படித்துக் கிழித்த நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. ஆமாம், பச்சைக் குட்டிக்கு இது உறுத்தும்தானே என்றுதான் தோன்றியது. அம்மா அன்றைக்கே தன் பழைய சேலைகளை எடுத்துச் சதுரமாகக் கத்தரித்துக் கொடுத்தாள். நான் சும்மா ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை. மேடம் சொன்னபடி மூன்று தடவை வெந்நீரில் அலசினேன். காய்ந்ததும் ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்தேன். நோட்டில் எழுதினேன்: 'துணி மாற்றப்பட்டது. பழைய பருத்தி. வாசனை எதுவும் இல்லை.'

அந்த வாரத்திலிருந்து ஆடுகள் குட்டியைச் சேர்க்கவில்லை. எல்லாம் இல்லை, பாதிக்குப் பாதி. முகர்ந்து பார்க்கும், மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். குட்டி தள்ளாடித் தள்ளாடி மடிக்கு வந்தால் முட்டித் தள்ளும். முதல் தடவை ஈனுகிற தலையீத்து ஆடுகள் ரொம்ப மோசம். பேச்சியக்கா ஆட்டின் காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு குட்டியைப் பால் குடிக்க வைப்பாள். முடியாததற்குப் புட்டிப்பால். ஒரு குட்டி மட்டும் புட்டியையும் வாங்காமல் இரண்டாம் நாள் செத்துப்போனது. நான் பக்கத்தில் உட்கார்ந்து நிமிஷம் எழுதிக்கொண்டிருந்தேன்.

மேடத்துக்கு போனில் சொன்னால் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இவ்வளவு கறாரான ஆட்டை நான் பார்த்ததே இல்லை. இது முக்கியமான விஷயம், விடாதே" என்றார். அம்மா தினமும் சாயங்காலம் கேட்பாள்: "சேல போதுமாட்டி? இன்னும் ரெண்டு கிழிச்சுத் தரவா?" பழையது தீர்ந்ததும் கட்டிக்கொண்டிருந்ததிலேயே ஒன்றைக் கத்தரித்தாள். அதுதான் இந்த ஊதாப்பூச் சேலை.

பருவம் முடிகிற சமயம் ஒருநாள் பஸ் தாமதம். நான் போவதற்குள் ஓர் ஆடு ஈன்றுவிட்டது. பேச்சியக்கா தானே குட்டியைக் கூடையில் வைத்து எடை பார்த்துத் தாயிடம் விட்டிருந்தாள். நான் போய்ப் பார்த்தபோது குட்டி வாலை ஆட்டி ஆட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தது. போன ஈத்தில் குட்டியை முட்டித் தள்ளியது என்று அக்காவே சொன்ன ஆடு அது.

"எப்பிடிக்கா ஒடனே சேத்துக்கிச்சு?"

"சேல இல்லேல்லா. அதான்" என்றாள், புல்லுக்கட்டைப் பிரித்துக்கொண்டே.

"எந்தச் சேல?"

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். மறுபடி புல்லைப் பார்த்தாள். "ஒங்க அம்மா சேலதான். தீக்குச்சி மருந்து வாசம்லா அடிக்கி. குட்டி மேல அந்த வாசம் ஏறிட்டா ஆடு எப்பிடிச் சேக்கும்?"

பையைத் திறந்து முகர்ந்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு துணியை எடுத்து முகர்ந்தேன். ஒன்றும் இல்லை. அழுகை வந்துவிட்டது.

"ஏங்க்கா முன்னாலயே சொல்லல?"

"எப்பிடிம்மா சொல்ல? படிச்ச பிள்ள. ஒங்க அம்மா ஆசையாக் குடுத்து விட்ட சேலைல வாசம் அடிக்குன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுவாவளா? ஆராய்ச்சிக்குத்தான் அப்பிடிச் செய்யுதீய போலன்னு நெனச்சேன்."

செத்த குட்டியைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் கொஞ்சம் தேவலை.

ஒரே வாசத்தில் கிடக்கிற மூக்கு அந்த வாசத்தைக் கைவிட்டுவிடும். உணர்வு நரம்பியலில் இது முதல் பாடம். பரீட்சையில் ஐந்து மதிப்பெண்ணுக்கு நான் எழுதியிருக்கிறேன், படம் வரைந்து பாகம் குறித்து. பிறந்ததிலிருந்து அந்த மருந்து வாசத்தில் வளர்ந்தவளுக்கு அப்படி ஒரு வாசம் இருப்பதே தெரியாது என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

மேடத்திடம் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று இப்போதும் சில நாள் தோன்றும். "சரி, உண்மையைச் சொன்னதுக்கு நன்றி" என்றார். திட்டியிருக்கலாம். பருவம் முடிந்துவிட்டது, புராஜெக்டும் அதோடு முடிந்தது. அந்த வருஷக் குறிப்பு எதையும் எடுத்துக்கொள்ள முடியாது. பிஎச்.டி. இடம் வேறு ஒருவருக்குப் போனது. யாரைக் குறை சொல்ல? மேடத்தையா, ஆட்டையா? எம்.எஸ்சி. பட்டமும் கூடவே வாங்கி வைத்திருந்த பி.எட்.டும் பள்ளிக்கூட வேலைக்கு உதவின.

அம்மாவிடம் நான் காரணத்தைச் சொல்லவில்லை. புராஜெக்டுக்குப் பணம் தருகிறவர்களிடமிருந்து பண்டு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். "நல்லா குடுத்தாவ பண்டு" என்று அவள் கண்ணுக்குத் தெரியாத அந்த ஆட்களைச் சாகும்வரை திட்டிக்கொண்டிருந்தாள். மீதிச் சேலையை மடித்து, "வச்சிரு. திரும்பக் கூப்பிட்டா வேணும்லா" என்று என் பீரோவில் வைத்ததும் அவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை அந்தச் சேலையைப் பையில் போட்டுக்கொண்டு கழுகுமலை பஸ் ஏறினேன். எதற்கு என்று கேட்காதீர்கள். கிடை இருந்த இடத்தில் கண்ணுக்கெட்டியவரை சோலார் தகடுகள். கம்பி வேலி. வேலிக்குள் இருந்த காவலாளியிடம், "அண்ணாச்சி, இங்கன பேச்சியம்மான்னு ஒரு அக்கா ஆடு வச்சிருந்தாங்களே?" என்று கேட்டேன். "ஆட்டையெல்லாம் வித்துட்டு மவ கூட திருப்பூரு பக்கம் போய்ட்டாவன்னு சொன்னாவ. எந்த எடம்னு தெரியல" என்றார். பழைய எண்ணுக்குப் போட்டுப் பார்த்தேன். அது இப்போது யாருக்கும் இல்லை.

ஆட்டுக்குப் பஞ்சமா, எட்டயபுரம் சந்தைக்குப் போனால் ஆயிரம் நிற்கும் என்பீர்கள். நிற்கும். அம்மாவின் வாசம் சேலையில் இன்னும் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள இன்னொரு பச்சைக் குட்டியைத் தாய் முட்டித் தள்ளுவதைப் பார்க்க வேண்டும். அதை என்னால் செய்ய முடியாது.

திங்கட்கிழமை அந்தப் பிள்ளை வந்தாள். ஃபைலைக் கொடுத்தேன். கொடுத்த கையோடு, வெட்கத்தை விட்டுச் சேலையையும் நீட்டினேன். "இத கொஞ்சம் மோந்து பாரு. ஏதாச்சும் வாசம் அடிக்குதா?"

விண்ணப்பத்துக்கு இதுவும் ஒரு தேர்வு என்று நினைத்தாள் போலிருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு சிரத்தையாக இழுத்து முகர்ந்தாள். "ஒண்ணுமே இல்ல மிஸ்" என்றாள்.

சட்டென்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. "ஒங்க அம்மா என்ன வேல பாக்காங்க?"

"தீப்பெட்டி ஆபீஸ்ல பெட்டி அடைக்காங்க மிஸ்."

சேலையை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். பேச்சியக்கா மட்டும் இருந்திருந்தால், இந்தத் தடவையாவது மூஞ்சிக்கு நேராகச் சொல்லக்கா என்று காலைப் பிடித்துக் கெஞ்சியிருப்பேன்.