மானிட்டரின் பின்மூடி

மானிட்டரில் பச்சை எழுத்துகள் மூன்றாம் நாளாக நடுங்கியபோதுதான், பின்மூடியைக் கழற்றிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. கோவில்பட்டியில் நான் வேலை பார்க்கும் தீப்பெட்டி ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் என்று எல்லாக் குமிழ்களையும் திருகிப் பார்த்துவிட்டேன்.

"ஏலே, நாளைக்குள்ள சரியாகலன்னா பெட்டியத் திருப்பி அனுப்பிருவேன் பாத்துக்கோ. நீ டைப்ரைட்டர்லயே தட்டு" என்றார் முதலாளி. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

சுவிட்சைக்கூட அணைக்காமல், ஸ்க்ரூ டிரைவரை வாயில் கவ்விக்கொண்டு, பின்பக்கம் திருப்புவதற்காக மானிட்டரைத் தூக்கினேன். எழுத்துகள் சட்டென்று அசையாமல் நின்றன! இறக்கினால் ஆடின. அடியில் இருந்த ஸ்டெபிலைசரின் காந்தப்புலம்தான் காரணம். இடம் மிச்சமாகும் என்று அதன்மேல் மானிட்டரை வைத்தவனே நான்தான்.

டி.வி. ரிப்பேர் செய்யும் அண்ணாச்சியிடம் பெருமையாகச் சொன்னேன்.

"மூடியத் தொறந்தியா?"

"இல்ல அண்ணாச்சி."

"பொழச்ச. சுவிட்ச அணைச்சாலும் உள்ள கரண்டு நிக்கும்டே. தொட்டிருந்தா உன்னையத்தான் தூக்கிட்டுப் போயிருக்கணும்."

இப்போதெல்லாம் படம் கெட்டால் முதலில் மானிட்டரை இடம் மாற்றிப் பார்க்கிறேன். ஜன்னல் வெயில் விழுவதால் எழுத்து இன்னும் மங்கல்தான். நிழலான மூலையில் முதலாளியின் மேஜை கிடக்கிறது. நாளை அவர் சிவகாசி போகிறார். திரும்புவதற்குள் அந்த மேஜையை நகர்த்திப் பார்த்துவிட வேண்டும்.