மெட்டி கழற்றாத கால்

அம்மாவின் கால் எரிச்சலுக்குக் கரண்டு வைத்துப் பார்க்கலாம் என்று சர்க்கரை டாக்டர் எழுதிக் கொடுத்தார். பெரம்பலூரில் அந்த பிசியோதெரபி நிலையம் மாடியில் இருந்தது. கால் மரத்துப் போனவர்களுக்கு வைத்தியம் பார்க்கிற இடத்தைக் கொண்டுபோய் மாடியில் வைத்த புண்ணியவான் யாரோ, நன்றாக இருக்கட்டும். நான் அரியலூரிலிருந்து பஸ்ஸில் வருவேன். அப்பா குரும்பலூரிலிருந்து அம்மாவை வண்டியில் உட்கார வைத்துக் கூட்டி வருவார்.

அங்கே வைத்தியம் பார்த்தது ஒரு சின்னப் பெண். அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, நைலான் இழை ஒன்றின் முனையால் பாதத்தில் அங்கங்கே தொட்டாள்.

"தெரியுதாம்மா?"

"நீ இன்னும் தொடவே இல்லியேம்மா" என்றாள் அம்மா.

நெருப்பில் வைத்த மாதிரி எரிகிறது என்று தினமும் அழுகிற கால், தொட்டால் தெரியாதாம். இது என்ன கொடுமை!

"நரம்பு கெட்டுப்போனா ரெண்டும் வரும்க்கா. எரிச்சலுக்குக் கெண்டைக்கால்ல பேடு ஒட்டி கரண்டு வெக்கலாம். பாதத்துக்குத் தண்ணி ட்ரேயில கால வெச்சுக் குடுக்கணும். அதுக்கு மெட்டியக் கழட்டணும். எப்படியும் கழட்டத்தான் வேணும், பாருங்க, வெரலு வீங்கி உள்ள பதிஞ்சு கெடக்கு" என்றாள் அந்தப் பெண்.

அம்மா காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "அவரு குத்துக்கல்லாட்டம் ஒக்காந்திருக்காரு. எதுக்குக் கழட்டணும்?"

"நாந்தான் சொல்றேன், கழட்டு. எனக்கு ஒண்ணும் ஆவாது" என்றார் அப்பா.

"என் தங்கச்சி புருசனும் இப்படித்தான் சொன்னாரு" என்றாள் அம்மா.

என் சித்தி ஒரு தடவை விரலில் புண் என்று மெட்டியைக் கழற்றி வைத்தாள். கழற்று என்று சொன்னவரே சித்தப்பாதான். அந்த வாரமே அரியலூர் ரோட்டில் சிமெண்டு லாரி மோதி அவர் போய்விட்டார். லாரிக்காரன் தூங்கிவிட்டான், அதுதான் காரணம். இதை அம்மாவிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! "லாரி வந்தது சரிடி. அது அன்னிக்கு ஏன் வந்துச்சு?" என்பாள்.

ஆக, பாதத்தை விட்டுவிட்டுக் கெண்டைக்காலுக்கு மட்டும் வைத்தியம் நடந்தது. பேடு ஒட்டி, குமிழைத் திருப்பினால் அம்மா கூச்சத்தில் சிரிப்பாள். "சுள்ளெறும்பு ஓடுறாப்புல இருக்குடி" என்பாள். தரையில் துண்டை விரித்துக் கால்விரலால் சுருட்டச் சொல்லுவார்கள். அம்மா சுருட்டவே மாட்டாமல் திணறுவாள், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து தன் காலால் சுருட்டிக் காட்டுவார். எரிச்சல் குறைந்தது. அம்மா நன்றாகத் தூங்கினாள். எங்களுக்கு அதுவே பெரிய நிம்மதியாக இருந்தது. அந்தப் பெண் மட்டும் ஒவ்வொரு முறையும் மெட்டியைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள். நான் அம்மாவோடு சண்டை போடுவேன். அம்மா பிடித்த பிடியை விடவில்லை.

வெங்காயம் பிடுங்கிய சமயம் வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா களத்தில் காலை நீட்டி உட்கார்ந்து சின்ன வெங்காயத்துக்குத் தாள் அரிந்துகொண்டிருந்தாள். "வாடி, பஸ்ல கூட்டமா?" என்று கேட்டாள். அவள் இடது காலை நோக்கி எறும்புச் சாரை போய்க்கொண்டிருந்தது. மெட்டி விரலைச் சுற்றி மொய்த்துக் கிடந்தது. அம்மா என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள், ஐயோ, அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. நான் எறும்பைத் தட்டிவிட்டுக் குனிந்தேன். மெட்டிக்கு அடியில் விரல் கறுத்துச் சீழ் கட்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் மெட்டியை வெட்டி எடுத்தார்கள். மறுநாள் விரலையும் எடுத்துவிட்டார்கள். விரல் போனதைப் பற்றி அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. மெட்டியை வெட்டியதிலிருந்து அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் டீ குடிக்க வெளியே போனால்கூட, "கூடவே போடி, ரோட்டப் பாத்துத் தாண்டச் சொல்லு" என்று என்னை விரட்டினாள். நானும் போனேன். அப்பா டீக்கடையில் நின்று தேம்பித் தேம்பி அழுதார். ஒரு மெட்டிக்கு இவ்வளவா என்று கேட்டால், எனக்கும் கோபமாகத்தான் இருந்தது. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

புண் ஆற வெகுநாளானது. ஆறியதும் மறுபடி அந்த மாடிக்குக் கூட்டிப் போனோம். வலது காலையாவது காப்பாற்ற வேண்டும். அந்தப் பெண் ட்ரேயில் தண்ணீர் ஊற்றி, முழங்கையை விட்டுச் சூடு பார்த்தாள். வலது கால் மெட்டி அப்படியே இருந்தது. யார் கேட்பது என்று நானும் அவளும் தயங்கி நின்றோம்.

அப்பா தரையில் உட்கார்ந்து அம்மாவின் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "கல்யாணத்தன்னிக்கு நாந்தானே போட்டேன். நானே கழட்டுறேன். போட்டவன் கழட்டுனா தப்பில்ல."

அம்மா இந்தத் தடவை காலை இழுக்கவில்லை. அப்பா சோப்பைக் குழைத்துத் தடவி, மெல்ல மெல்லத் திருகினார். வலிக்குமோ என்று நடுநடுவே நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். அவள் புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். கழன்று வந்த மெட்டியை அவர் உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

கால் தண்ணீருக்குள் போனது. அந்தப் பெண் கொஞ்சமாகக் குமிழைத் திருப்பினாள்.

"தெரியுதாம்மா?"

"இல்ல."

"இப்ப?"

"இல்லம்மா."

விரல்கள் தண்ணீருக்குள் அசையாமல் கிடந்தன. அந்தப் பெண் மிஷினை நிறுத்திவிட்டாள்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். "இதுக்குத்தான் கழட்டுனீங்களா?"