நீல நாடாவும் ஒரு பகல் ஆட்டமும்

என் அலமாரியின் மேல்தட்டில், கல்யாணச் சேலைக்கு அடியில், ஒரு நீல நாடா மடித்துக் கிடக்கிறது. நுனியில் மாதா உருவம் பொறித்த சின்னப் பதக்கம். எங்கள் மாதா கோயில் மாதர் சபையில் சேர்ந்த, கல்யாணமான பெண்களுக்கு மட்டும் கொடுக்கும் நாடா அது. திருவிழாவில் சப்பரத்துக்கு முன்னால் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு இரண்டு வரிசையாக நடப்போம். செத்துப்போனால் பெட்டிக்குள்ளும் அதைப் போட்டுத்தான் தூக்குவார்கள். சபைப் பெண்கள் எல்லாரும் கொடியோடு கல்லறைத் தோட்டத்து வாசல்வரை வந்து வழியனுப்புவார்கள். தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்த ஒரு வேதக்காரப் பெண்ணுக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். எனக்கு அந்த நாடாவைப் பார்த்தால் மதினி ஞாபகம் வரும். கூடவே கோபமும் வரும். வயதானால் கோபம் குறையும் என்கிறார்களே, எனக்கு ஒன்றும் குறையவில்லை.

மதினி என்றால் என் ஒரே அண்ணனின் மனைவி. திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தவள். அண்ணனுக்கு வெளிநாட்டுக் கப்பலில், இன்ஜின் அறையில் வேலை. வருஷத்துக்கு ஒருமுறை சோப்பும் நைலான் சேலையும் டார்ச் லைட்டுமாக வந்து இறங்குவான். சில வாரம் வீடு கலகலவென்று இருக்கும். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். அப்பா இல்லாத அந்த வீட்டில் மிச்சம் இருந்தது அம்மா, மதினி, நான். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. துறைமுகத்தில் சரக்கு ஏஜெண்ட் ஒருவர் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். எழுபதுகளில் புதுத் துறைமுக வேலை நடந்த நேரம். ஊரெல்லாம் லாரியும் தூசியும் புது முகங்களும். எங்கள் வீட்டுக்குள் மட்டும் கடிகாரச் சத்தம்தான்.

மதினிக்கு வாய் அதிகம். மீன்காரியிடம் பேரம் பேசினால் தெருவே வேடிக்கை பார்க்கும். ஆனால் மத்தியானம் ஆனால் அவள் வேறு ஆள். சித்திரை வெயிலில் நடு அறையைத் தண்ணீர் விட்டுத் துடைப்பாள். ஈரம் காய்வதற்குள் அந்தத் தரையிலேயே படுத்துக்கொள்வாள். பாய் கிடையாது, தலையணை கிடையாது. சிமெண்டில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிக் கிடப்பாள். அம்மா சத்தம் போடுவாள்: "ஏளா, மேலுக்குச் சேராம போயிரும், எந்திரி." மதினி கண்ணைத் திறக்காமலே, "இங்கனதான் மாமி கொஞ்சம் உசுரு வருது" என்பாள். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து வரும்போது நான் அந்தக் கோலத்தைப் பார்த்திருக்கிறேன். ஏனோ செருப்புச் சத்தம் கேட்காமல் உள்ளே போவேன்.

அவள் சபையில் சேர்ந்தது அவளுடைய அம்மா செத்த வருஷம். அம்மாவின் பெட்டியை மூடுமுன் அந்த நீல நாடாவைச் சரிசெய்து விட்டது இவள்தானாம். "எங்கம்மை ராணி கணக்கா போனா. நானும் அப்படித்தான் போவேன் பாரு" என்று பலமுறை சொல்லியிருக்கிறாள். பிள்ளை இல்லை, புருஷன் கடலில். இந்த ஊரில் அவளுக்கென்று இருந்த ஒரே கூட்டம் அந்தச் சபைதான்.

அந்தக் கோடையில்தான் அந்தப் படம் வந்தது. படத்தின் பெயர் இங்கே எதற்கு? வயது வந்தவர்களுக்கு மட்டும் என்று கொட்டை எழுத்தில் போட்டு, ஒரு பெண்ணின் இடுப்பை மட்டும் பெரிதாக வரைந்து, மீன் ஏலக் கூடத்துச் சுவரில்கூட ஒட்டிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு, அந்த அசிங்கத்தைப் பார்ப்பதில்லை என்று சபைப் பெண்கள் கையைத் தூக்கி மாதாவுக்கு வாக்குக் கொடுக்கச் சொன்னார். சடசடவென்று கைகள் எழுந்தன. மதினி மட்டும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சும்மா நின்றாள். வீட்டுக்கு வரும் வழியில் அம்மா பிடித்துக்கொண்டாள். மதினி சொன்னாள்: "அசிங்கமா இல்லியான்னு எனக்கு என்ன தெரியும் மாமி? பாக்காத படத்துக்கு எப்படிச் சத்தியம் பண்ணுததாம்?" எனக்குச் சிரிப்பு வந்தது.

அடுத்த சனிக்கிழமை ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். "வாளா, பகல் ஆட்டத்துக்குப் போவோம். பாத்துட்டு வந்து கையத் தூக்கணும்னா தூக்குதேன்" என்றாள். அண்ணன் வாங்கித் தந்த நைலான் சேலை, தலை நிறைய மல்லிகை. பக்கத்துத் தெருவுக்குப் போவது போலத்தான் போனோம்.

அந்தக் காலத்துக் கொட்டகைகளில் பெஞ்சு டிக்கெட்டில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே ஒரு சுவர் உண்டு. உட்கார்ந்தால் தலை மறையும் உயரம். மற்ற படங்களுக்குப் பெண்கள் பக்கம்தான் நிரம்பி வழியும். பிள்ளையும் பாலுமாக ஒரே இரைச்சல். அன்று அந்தப் பக்கம் முழுவதிலும் நாங்கள் இரண்டு பேர். சுவருக்கு அந்தப் பக்கம் துறைமுகத்துக் கூலிக்காரர்கள், லாரிக்காரர்கள், கல்லூரிப் பையன்கள் என்று நெருக்கியடித்துக் கிடந்தார்கள். பீடிப் புகை மட்டும் சுவரைத் தாண்டி வந்தது. வெறும் பெஞ்சுகளைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. மதினி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. வயதான கணவன், மனைவியை ஏறிட்டும் பார்க்காதவன். இளம் மனைவி. ஒரு மத்தியானம் அவள் வீட்டைத் துடைத்துவிட்டு ஈரத் தரையில் படுக்கிறாள். மாராப்பு நழுவியது தெரியாமல், தன் உள்ளங்கையைத் தன் கன்னத்திலேயே வைத்துக்கொண்டு கண்ணை மூடுகிறாள். கேமரா அவளை விட்டு நகரவே மாட்டேன் என்கிறது. கழுத்து, தோள், இடுப்பு என்று மெதுவாகப் போகிறது. கொட்டகை கூரை பிய்ந்துவிடும் போல விசில். யாரோ முனகினான். உடனே பத்துப் பேர் முனகினார்கள். ஒரே ஊளை. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். மூடினால் சத்தம் இன்னும் பெரிதாகக் கேட்டது. திறந்து பக்கத்தில் பார்த்தேன். மதினி அழுதுகொண்டிருந்தாள்.

அந்தப் பெண் பிறகு வேறொருவனுக்குக் கதவைத் திறக்கிறாள். கடைசியில் கிணற்றில் விழுந்து சாகிறாள். அதற்கும் ஒருவன் விசிலடித்தான்.

வெளியே வந்து கடற்கரைச் சாலைக்குத் திரும்பினோம். மதினி சொன்னாள்: "எவனோ நம்ம வீட்டுச் சன்னல் வழியா ஒளிஞ்சு நின்னு என்னையப் பாத்து எடுத்த மாதிரி இருக்குளா. என் மேலு முழுக்கப் பதறுது." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த ஈரத் தரை எனக்கும் ஞாபகம் வந்திருந்தது. "அப்ப அசிங்கம்தானே மதினி?" என்று கேட்டேன். நின்று என்னை முறைத்தாள். "தனியா கெடக்கவ தரையில படுக்குதது அசிங்கமா? ஆசப்பட்டவள கிணத்துல போட்டாத்தான் படம் முடியும்னு நெனைக்கான் பாரு, அதுதாம்ளா அசிங்கம்." அதற்கு மேல் அதை விளக்கவும் மாட்டாள் அவள். "சவத்த விடு, பசிக்குது" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தாள்.

இடைவேளையில் முறுக்குக் கூடையோடு வந்த பெண் எங்கள் கோயில் தெருக்காரி. பிறகென்ன, நாங்கள் வீடு சேருமுன் செய்தி சேர்ந்துவிட்டது.

மறுநாள் பூசை முடிந்ததும் கோயிலை ஒட்டிய அறையில் சபை கூடியது. சாமியார் ஒரு ஓரமாக நாற்காலியில் இருந்தார். தலைவியம்மா பெரிய ஜவுளிக்கடை வீட்டுக்காரி. அந்தப் படத்தைப் பார்க்காமலே அதில் வருவதையெல்லாம் ஒப்பித்தாள். "அவ படுத்துக்கிட்டு முனகுவாளாமே, ஊரே சொல்லுது. கேக்கவே கூசுது" என்று காதைப் பொத்திக் காட்டினாள். மதினி எழுந்தாள். "இல்ல சாமி. படத்துல அவ முனகல. முனகுனதெல்லாம் சுவத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ஆம்பளைய. நம்ம தெரு ஆம்பளையளும் இருந்தாக." சாமியார் மோசமானவர் அல்ல. தணிந்த குரலில்தான் சொன்னார்: பார்த்தது அசிங்கம் என்று மாதா முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், நாடா அவளிடமே இருக்கட்டும் என்று.

அவளுக்கு அந்த நாடா எவ்வளவு வேண்டும் என்று எனக்குத் தெரியும். பதக்கத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டே நின்றாள். "என் மனசு சஞ்சலப்பட்டுச்சு சாமி, அத மறைக்கல. ராத்திரி ஒறங்கல. ஆனா அசிங்கம்னு எப்படிச் சொல்லுவேன்? அப்படிச் சொன்னா நானும் அசிங்கம்னுல்லா ஆயிரும்." சொல்லிவிட்டு நாடாவைத் தலைவழியாகக் கழற்றி, மடித்து, மேசைமேல் வைத்தாள். யாரும் அதைக் கழற்றச் சொல்லவில்லை. யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

நான் வாசலில் நின்றிருந்தேன். வெளியே வந்தவள் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "ஏளா, நீ பக்கத்துலதான இருந்த. அவ முனகுனாளா?" கண்ணை மூடியிருந்த எனக்கு எல்லாச் சத்தமும் ஒன்றாகத்தான் கேட்டிருந்தது. "தெரியல மதினி" என்றேன். பொய் சொல்லவில்லை, நிஜமாகவே தெரியவில்லை. அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அண்ணன் அந்த வருஷம் வந்தபோது அம்மா எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் கோபப்படவில்லை. உலகம் சுற்றியவன் அல்லவா, சிரித்தான். "ஒரு வார்த்தைதான? சொல்லிட்டு வாங்கிக்கிட வேண்டியதுதான" என்றான். மதினி அவனை ஒருமுறை பார்த்தாள். அவன் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள் என்று எனக்குப் பட்டது. அவன் கப்பலுக்குப் போன மறுநாள் நடு அறையைத் துடைத்தாள். படுக்கவில்லை. சன்னலைச் சாத்திவிட்டு, ஈரம் காயும்வரை சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு அவள் தரையில் படுத்து நான் பார்க்கவே இல்லை. அந்தப் படம் அவளுக்குச் செய்த கெடுதல் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். அதை நான் மன்னிக்கவும் மாட்டேன்.

பின்னால் எனக்குக் கல்யாணமாகி, அதே தலைவியம்மா கையால் எனக்கும் நாடா போட்டார்கள். மதினி வந்து கடைசி வரிசையில் நின்று, என் கழுத்தில் அது திரும்பியிருந்ததைச் சரிசெய்துவிட்டுப் போனாள். அவள் செத்தபோது சபைக் கொடி வரவில்லை. அண்ணன் அவளுக்கு முன்பே செத்துப்போயிருந்தான். சொந்தக்காரர்கள் கொஞ்சம் பேர் மட்டும் பெட்டிக்குப் பின்னால் நடந்தோம். ராணி கணக்காகப் போவேன் என்றவள் வெறுங்கழுத்தோடு போனாள்.

இப்போது நான் தூத்துக்குடியிலேயே மில்லர்புரத்தில் தனியாக இருக்கிறேன். வீட்டுக்காரர் இல்லை, மகள் வெளிநாட்டில். பொழுது போகட்டும் என்று அவள் வாங்கித் தந்த போனில் பழைய படமெல்லாம் சும்மாவே கிடைக்கிறது. போன மாதம் ஒரு மத்தியானம் எதையோ தேடப் போக, அந்தப் படமே வந்து நின்றது. இந்த வயதில் யாருக்குப் பயப்பட வேண்டும் என்று பார்க்க ஆரம்பித்தேன்.

இன்றைக்குப் பிள்ளைகள் பார்த்தால் இதற்கா இவ்வளவு என்பார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வரவில்லை. அந்தக் கேமரா போகிற போக்கு இப்போதும் பிடிக்கவில்லை. வாசலில் நின்று எட்டிப் பார்க்கிறவன் பார்வைதான் அது. ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தை அன்று நான் சரியாகப் பார்க்கவில்லை, பாதியில் கண்ணை மூடிக்கொண்டேனே. அதில் ஆசை இருந்தது. அதைவிட அதிகமாக அலுப்பு இருந்தது. அழைக்க ஆளில்லாத வீட்டில் இருக்கிறவளின் முகம் எனக்கு இப்போது நன்றாகத் தெரியும், கண்ணாடியில் தினமும் பார்க்கிறேன்.

அந்தக் காட்சியில் போனில் சத்தம் நின்றுபோயிற்று. கெட்டுவிட்டதோ என்று சத்தத்தைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். பக்கத்து வீட்டு மிக்ஸிதான் கேட்டது. காட்சி முடிந்து கதவு தட்டும் சத்தம் வந்ததும் காதே அடைத்துப்போனது. திரும்ப வைத்துப் பார்த்தேன். பாட்டு இல்லை, வசனம் இல்லை, ஒரு பெருமூச்சுகூட இல்லை. அவள் வாயைத் திறக்கவே இல்லை. படம் எடுத்தவன் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறான். ஊர் முழுக்கக் கேட்டதாகச் சொன்ன சத்தம் அத்தனையும் எங்கள் ஊர்ச் சத்தம்.

அன்று சாயங்காலம் மகள் போன் செய்தபோது, நான் செத்தால் என் கழுத்தில் நாடா போட வேண்டாம் என்று சொன்னேன். பதறிப்போனாள். "ஏம்மா, கோயில்ல யாரும் எதுவும் சொன்னாங்களா?" என்றாள். "ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. உங்க அத்தை கழுத்துல இல்லல்லா, எனக்கு எதுக்கு?" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. விளங்க வைக்க எனக்கும் தெம்பில்லை.

போனை வைத்துவிட்டு அலமாரியைத் திறந்து நாடாவை எடுத்தேன். ஓரம் நைந்திருந்தது. பதக்கத்தை, அவள் அன்று பிடித்தது போல, இரண்டு விரலால் பிடித்துக்கொண்டேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. இருந்தாலும் வாய்விட்டுத்தான் சொன்னேன்.

"அவ முனகல, மதினி."